பாடப்புத்தகத்துக்கு வெளியே கண்ட விஞ்ஞானம்: மலையகத்து அனுபவங்கள்

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியர்

"நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும்." இந்த வரியைப் பல வருடங்களாக வகுப்பில் சொல்லி வருகிறேன். போன தவணையில் தரம் 8 பிள்ளை ஒருத்தி எழும்பி, "சேர், கொழும்புல சித்தி வீட்டுல கடலை சீக்கிரம் அவிஞ்சிருது. இங்க அம்மா அடுப்ப விட்டு எந்திரிக்கவே முடியல. ரெண்டு எடத்துலயும் ஒரே சூட்டுலதான் தண்ணி கொதிக்குதா?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஆய்வுகூடத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போய், முகவையில் தண்ணீர் வைத்து, வெப்பமானியைத் தொங்கவிட்டேன். குமிழ்கள் எழுந்தன, ஆவி பறந்தது. வெப்பமானி 94இல் வந்து நின்றுவிட்டது. சுவாலையைக் கூட்டினோம். தண்ணீர் இன்னும் வேகமாகத் துள்ளியதே தவிர வெப்பநிலை ஏறவில்லை. "வெப்பமானி பழுது சேர்" என்றான் ஒருவன். மாற்றினோம். அதுவும் 94.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமக்கு மேலே உள்ள காற்று குறைவு என்பதால் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீரை மேலிருந்து அமுக்கும் காற்று குறைந்தால், அது ஆவியாகக் கிளம்பக் குறைந்த சூடே போதும். ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். கண்டியில் 98ஐ ஒட்டி இருக்கும். கடலை வேகுவது தண்ணீரின் சூட்டில்தான், அதன் துள்ளலில் இல்லை. பிரஷர் குக்கரில் ஆவி வெளியேறாமல் அமுக்கம் கூடுவதால் இங்கேயும் 115 பாகைக்கு மேல் கிடைக்கும். எங்கள் ஊரில் அது கட்டாயம் வேண்டிய பாத்திரம்.

அந்தப் பிள்ளையின் அம்மா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, அடுப்படியில் கண்டுபிடித்திருக்கிறார். உங்கள் வீட்டில், தோட்டத்தில், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) இப்படி நேரடியாகக் கண்டதை எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்.

வத்தளை, சொந்த ஊர் பட்டிப்பொல

சேர், லீவுக்கு ரயிலில் ஊருக்கு வரும்போதெல்லாம் பையில் இருக்கும் மிக்சர் பக்கெட்டைப் பார்ப்பேன். கொழும்புக் கோட்டை நிலையத்தில் தொளதொள என்று இருந்தது நானுஓயா தாண்டும்போது பலூன் மாதிரி உப்பிவிடும். உள்ளே இருப்பது கொழும்புக் காற்று, வெளியே இருப்பது மலைக்காற்று. திரும்பிப் போகும்போது மூடிய வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் தானாக ஒடுங்கிவிடும். நீங்கள் சொன்ன அதே அமுக்கம்தானே?

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியர்

அதேதான் தம்பி. இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது, உப்பாமல் என்ன செய்யும்! காது அடைப்பதும் இதனால்தான். எச்சில் விழுங்கினால் காதின் உள்ளே இருக்கும் அமுக்கமும் வெளியே இருப்பதும் சமப்படும்.

ஹட்டன், தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடம்

எங்கள் தாத்தா, அப்பா, நான், மூன்று பேருமே ஸ்டோர் ஆட்கள். அம்மா மலையில் கொழுந்து பறித்தார், அப்பா ரோலர் அறையில் நின்றார்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மேல்மாடியில் வாட்டப் போட்ட கொழுந்து பச்சை வாசம் அடிக்கும். கீழே ரோலரில் அரைபட்டு, தரையில் பரப்பிக் கொஞ்ச நேரம் போனால் வாசம் மாறும். பழுத்த பழம் மாதிரி ஒரு மணம் வரும், நிறமும் செம்பு நிறமாகும். அப்பா ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "பதம் வந்திருச்சு" என்பார். உடனே டிரையருக்குப் போகும். கடிகாரத்தை விட அவருடைய மூக்கைத்தான் ஆபீசர்மார் நம்பினார்கள்.

எல்லாரும் அதை "புளிக்க வைப்பது" என்றே சொல்வோம். தோசை மா புளிக்கிற மாதிரி ஏதோ கிருமி வேலை செய்கிறது என்று நானும் ரொம்ப காலம் நினைத்திருந்தேன். மகள் உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது அவள்தான் திருத்தினாள். கிருமி எதுவும் தேவையில்லை. இலையின் கலங்களுக்குள் கட்டெக்கின் என்ற பொருட்கள் ஓர் அறையில், பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இன்னோர் அறையில். செடியில் இருக்கும் வரை இரண்டும் சந்திக்காது. ரோலர் கலத்தை உடைத்ததும் இரண்டும் கலக்கும், காற்றிலுள்ள ஒட்சிசனும் சேரும். அங்கே பிறப்பவைதான் தேத்தண்ணிக்குப் பளபளப்பைத் தரும் தியாஃபிளேவினும் செம்மண்ணிறம் தரும் தியாரூபிஜினும். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அந்தக் குடும்பத்து வேலைதான் இது. டிரையரின் சூட்டில் நொதியம் செயலிழந்து எல்லாம் நின்றுவிடும். கிரீன் டீ வேண்டுமென்றால் முதலிலேயே சூடு காட்டி நொதியத்தை அடக்கிவிட வேண்டும். இலை ஒன்றுதான், சூடு காட்டும் நேரம் மட்டும் வேறு.

மகள் இதைச் சொன்ன அன்று அப்பா உயிரோடு இருந்தார். அவருக்கும் விளக்கினாள். கேட்டுவிட்டு, "அப்ப நான் மோந்து பாத்தது அந்த நொதியத்த தானா?" என்றார். அன்று இரவு முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலைகளில் முதலில் கோப்பிதான். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாகத் துருநோய் கண்டது. *எமிலியா வஸ்ராற்றிக்ஸ்* என்ற பங்கசு. சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் போட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நம் முன்னோரின் கூடையில் விழுந்தது எந்த இலை என்பதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பங்கசின் வித்தி மாற்றிவிட்டது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள் சேர்.

மஸ்கெலியா

அட்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே! அம்மா மலைக்குப் போகுமுன் காலில் சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசுவார். அப்படியும் கடித்துவிடும். உப்புப் போட்டால் சுருண்டு விழும். உப்பு அட்டையின் உடம்பிலிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, பாடத்தில் வரும் பிரசாரணம் இதுதான் என்று தம்பிக்குக் காட்டினேன். கடித்த இடத்தில் மட்டும் இரத்தம் நிற்கவே நிற்காது. ஏன்?

கொட்டகலை, மருத்துவத் தாதி

தங்கச்சி, அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் போன்ற ஒரு புரதம் இருக்கிறது. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். அதனால்தான் அட்டை போன பிறகும் மணிக்கணக்கில் கசியும். பயப்பட வேண்டாம், சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஆனால் ஒட்டியிருக்கும்போது உப்பும் நெருப்பும் வேண்டாம். துடிக்கும் அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். ஒல்லியான முனைதான் வாய். அந்தப் பக்கம் தோலோடு ஒட்டி நகத்தால் மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

கந்தப்பளை, மரக்கறித் தோட்டம்

ஜனவரி, பெப்ரவரி வந்தால் எனக்குத் தூக்கம் குறைவு. மழை பெய்தால் நிம்மதியாகப் படுப்பேன். வானம் துடைத்த மாதிரி தெளிவாக, காற்றில்லாமல், நட்சத்திரம் நிறைய இருந்தால் பயம். அன்று விடியும்போது உருளைக்கிழங்குப் பாத்தி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறினால் இலை எல்லாம் நெருப்பில் வாட்டிய மாதிரி கறுத்துவிடும்.

வானொலியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 பாகை என்பார்கள். நான் பாத்தியில் பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். இது பொய்யா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபோது, அவர்கள் அளப்பது தரையிலிருந்து ஆள் நெஞ்சு உயரத்துப் பெட்டியில் என்றார். முகில் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதனால் தரையை ஒட்டிய காற்றுத்தான் அதிகம் குளிரும். முகில் இருந்தால் அது கம்பளி போர்த்திய மாதிரி சூட்டைத் திருப்பி அனுப்பும்.

என் நிலத்தில் சரிவில் நட்ட லீக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. கீழே பள்ளத்தில் இருக்கும் பாத்திதான் ஒவ்வொரு முறையும் கருகும். குளிர்ந்த காற்று பாரமானது, இரவு முழுக்க ஓடை மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. இது தெரிந்த பிறகு பள்ளத்தில் ஜனவரியில் உருளைக்கிழங்கு போடுவதில்லை.

பனி விழும் அறிகுறி தெரிந்தால் விடியுமுன் ஸ்பிரிங்ளர் திறப்போம். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்குச் சுமார் 334 யூல் வெப்பத்தை வெளியே விடும், அது இலையைக் காப்பாற்றும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிர்ந்துவிடும். ஒருமுறை டீசல் தீர்ந்து பம்ப் நின்று, ஒன்றும் செய்யாமல் விட்ட பாத்தியை விட நனைத்த பாத்தி மோசமாகப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

பண்டாரவளை

ஜூலையில் நுவரெலியாவில் அக்கா வீட்டில் துணி காயாது. எங்கள் வீட்டில் உதடு வெடிக்கும். இடையில் இருப்பது ஒரு மலைத்தொடர்தான். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் ஏறி, குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. நீராவி மழையாக மாறும்போது வெளிவிட்ட மறைவெப்பம் காற்றிலேயே தங்கும். பிறகு இந்தப் பக்கம் இறங்கும்போது கிலோமீற்றருக்குச் சுமார் 10 பாகை வீதம் சூடேறி, காய்ந்த கச்சான் காற்றாக வந்து சேரும். அந்த வறட்சியில் கொழுந்து மெதுவாகத்தான் வளரும், ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் அப்போதுதான் வரும். தலைவலித் தைலங்களில் இருக்கும் மெதைல் சலிசிலேற்று அந்த மணத்தில் ஒரு முக்கிய பங்கு. அடுத்த முறை ஊவா தேத்தண்ணி குடிக்கும்போது முகர்ந்து பாருங்கள்.

தலவாக்கலை

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன், ஆனி மாதம். என் மகன் பிறந்து 26 நாள். ஒரு வாரமாக மழை விடவில்லை. லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) சுவரே ஈரமாக இருந்தது. பிள்ளைக்குக் குளிரக் கூடாது என்று அம்மாயி இரும்புச் சட்டியில் கரி மூட்டினார். முதலில் இஸ்தோப்பில்தான் (வாசல் திண்ணையில்) வைத்திருந்தோம். புகை முழுக்க அடங்கி, கரி சிவந்து கனிந்த பிறகு, "இனிப் புகை இல்ல, பயமில்ல" என்று உள்ளே எடுத்து வந்தோம். கதவுக்குக் கீழே காற்று வருகிறதென்று சாக்கை மடித்து அடைத்ததும் நான்தான்.

நடுச்சாமத்தில் தலை இடித்தது. பிள்ளை பெற்ற உடம்பு, பால் கொடுக்கிற அசதி என்று நினைத்தேன். அம்மாயி வாந்தி எடுத்தார். எழும்ப நினைத்தேன், கால் சொன்னபடி கேட்கவில்லை. அந்த நேரம் என் வீட்டுக்காரர் ஸ்டோரில் இரவு வேலை முடித்து வந்து கதவைத் தட்டினார். தட்டுவது கேட்டது, பதில் சொல்ல முடியவில்லை. கதவை உடைத்து எங்களை வெளியே மழையில் இழுத்துப் போட்டார். மகன் அழவில்லை. குளிர் மழை முகத்தில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதான். அந்தச் சத்தத்தை இப்போதும் நினைப்பேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மாஸ்க் போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். டொக்டர் பொறுமையாக விளக்கினார். கரி எரிய ஒட்சிசன் போதாமல் போனால் காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, புகையும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வந்து போய்க்கொண்டே இருக்கும், ஆனால் உடம்புக்கு ஒட்சிசன் போய்ச் சேராது. சாதாரணக் காற்றில் அந்த வாயுவில் பாதி வெளியேற 4, 5 மணி நேரம் ஆகும், மாஸ்க்கில் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும் என்றார்.

நான் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளி எடுத்தவள். குறை தகனம் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதினேன். அந்தக் கரிச்சட்டியும் அந்தப் பாடமும் ஒன்று என்று எனக்கு யாரும் காட்டவில்லை. சேர், பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது இதை முதலில் வாசியுங்கள். வீட்டில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியர்

திங்கட்கிழமை முதல் பாடமே இதுதான் தங்கச்சி. இனி குறை தகனம் வரும்போது கரிச்சட்டி என்ற வார்த்தை இல்லாமல் கற்பிக்க மாட்டேன். மகன் இப்போது எப்படி இருக்கிறான்?

தலவாக்கலை

நல்ல சுகம் சேர். முன்பள்ளி போகிறான்.

பொகவந்தலாவை

அக்கா, நீங்கள் எழுதியதை இப்போதுதான் எங்கள் பாட்டிக்குச் சத்தமாக வாசித்தேன். அண்ணிக்குக் குழந்தை பிறந்து 11 நாள். எங்கள் காம்பராவிலும் சட்டி இருந்தது. இஸ்தோப்பிலும் வைக்காமல் முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினேன். பாட்டி கோபப்படவில்லை. "அப்ப புள்ளைக்குச் சூட்டுக்கு என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டார்.

கொட்டகலை, மருத்துவத் தாதி

ரப்பர் சுடுதண்ணிப் பையில், இல்லாவிட்டால் இறுக்கமான மூடியுள்ள போத்தலில், கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் படுக்கையில் வையுங்கள். தண்ணீரின் தன்வெப்பக் கொள்ளளவு அதிகம், அதனால் மெதுவாகத்தான் ஆறும். படுக்கை சூடானதும் போத்தலை எடுத்துவிட்டு, பிறகு பிள்ளையைக் கிடத்துங்கள். கூடவே வைக்க வேண்டாம், பச்சைத் தோல் வெந்துவிடும். மற்ற நேரம் அம்மாவின் நெஞ்சில், தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்வை. தலைக்குத் தொப்பி. ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

பொகவந்தலாவை

சரி அக்கா. தண்ணீர் அடுப்பில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டேன்.