நாற்பது பேர் நடத்திய நீர்மோர் பந்தல்

காட்பாடி அச்சகம்:
நம் வேலூர் தொழில் குழுவின் ஆண்டு அறிக்கையில் செயலாளர் சார் எழுதியிருக்கும் வரி இது: "அக்னி நட்சத்திரம் முழுவதும், மே 4 முதல் 28 வரை, உறுப்பினர்கள் 40 பேரும் சேர்ந்து ஆற்காடு ரோட்டில் நீர்மோர் பந்தல் நடத்தினோம்." படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. 40 பேர் எங்கே வந்தார்கள்? திறப்பு விழாவுக்கு வந்தார்கள், சரி. சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்டாவைக் கழுவ யார் இருந்தது? நான், தொரப்பாடி பிசியோ மேடம், மெடிக்கல்ஸ் தம்பி, என் கடைப் பையன். கடைசி நாள் வரைக்கும் இதே நாலு பேர். அந்த வரியை மாற்றுங்கள்.

செயலாளர்:
அண்ணே, 40 பேரும் ஆளுக்கு 1500 ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் தயிர் ஏது, கேன் தண்ணீர் ஏது? பணம் கொடுப்பதும் சேவைதான். அறிக்கையில் தப்பு எதுவும் இல்லை.

காட்பாடி அச்சகம்:
பணம் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். "நடத்தினோம்" என்று எழுதாதீர்கள். அண்டாவைக் கழுவியது யார்?

சத்துவாச்சாரி ஆடிட்டர்:
இருக்கும் ஊரின் கதை தெரிந்து பேச வேண்டும். இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வித்திட்ட அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் இங்கே வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது, 1902-இல் 40 படுக்கை ஆஸ்பத்திரியாக எழுந்து நின்றது எப்படி? ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி என்று அந்த அம்மாவின் பேரையே வைத்தார்கள். ஷெல் வேலூருக்கு வந்து அண்டா கழுவினாரா?

காட்பாடி அச்சகம்:
சார், நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். பேர் வைத்தார்கள், நன்றி சொன்னார்கள். ஆனால் ஷெல் துரை பிரசவம் பார்த்தார் என்று யாராவது எழுதினார்களா? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர், என் மனைவிக்குப் பிரசவம் பார்க்க வாருங்கள் என்று ஐடா அம்மையாரிடம் வந்து நின்றார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். மூன்று தாயும் போய்விட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி வந்தார், மாட்டுவண்டி ஏறிக் கிராமம் கிராமமாக ரோட்டோரத்தில் வைத்தியம் பார்த்தார். கொடுத்தவருக்குக் கொடுத்தவர் பெருமை, செய்தவருக்குச் செய்தவர் பெருமை. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் கலக்காதீர்கள். நான் கேட்டது அண்டாவைப் பற்றி.

ராணிப்பேட்டை லெதர்:
40 பேரில் நானும் ஒருவன். நான் கொடுத்தது 1500 இல்லை, 10,000. சீசனில் ஷிப்மென்ட்டை விட்டுவிட்டு வேலூர் வந்து கரண்டி பிடிக்க என்னால் ஆகாது. நாலு பெட்டி பேப்பர் கப்பும் அனுப்பினேன், அதையும் திருப்பி அனுப்பிவிட்டார் இந்த அச்சகத்து அண்ணன். அது மரியாதையா?

காட்பாடி அச்சகம்:
நீங்கள் அனுப்பியது உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. மாநகராட்சி ஆள் வந்து பந்தலில் கை வைத்தால் யார் பதில் சொல்வது? எவர்சில்வர் டம்ளர் 60 வாங்கினோம். அதையும் கழுவினோம். யார் கழுவினார்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

ராணிப்பேட்டை லெதர்:
2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து எங்களை விருந்தாளி மாதிரித்தான் பார்க்கிறீர்கள். காசு மட்டும் வேண்டும்.

தொரப்பாடி பிசியோ:
ஒரு திருத்தம். நான் 25 நாளும் வரவில்லை, 17 நாள்தான் வந்தேன். இல்லாததைச் சொல்லி எனக்குப் பேர் வேண்டாம். அப்புறம், திறப்பு விழா மேடைக்கு ஒரு பெண் உறுப்பினரைக்கூடக் கூப்பிடவில்லை. அதை யாருமே பேசவில்லையே?

செயலாளர்:
பார்த்தீர்களா, மேடமே 17 நாள் என்கிறார். அண்ணன் கணக்கிலும் பிழை இருக்கிறது. இதில் என் அறிக்கையை மட்டும் குறை சொல்கிறார்.

காட்பாடி அச்சகம்:
மேடம் வராத 8 நாளும் நான் இருந்தேன். 17 நாள் வந்தவர் 17 என்கிறார், ஒரு நாள் வந்தவர்களை 25 நாள் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இதில் எது பிழை?

அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாததால்தான் இப்படிப் பேசுகிறீர்கள். ஒரு நாளைக்கு 15 லிட்டர் தயிர், ஐந்து கேன் தண்ணீர். இரண்டு தடவை கலக்க வேண்டும். அது வாடகை அண்டா இல்லை. என் அம்மா சீதனமாகக் கொண்டு வந்த பித்தளை அண்டா. வெள்ளீயம் பூசாமல் பித்தளையில் மோர் ஊற்றினால் களிம்பு ஏறும் என்று, பந்தலுக்காகவே புதிதாக ஈயம் பூசி எடுத்து வந்தேன். மதியம் இரண்டு மணிக்கு அண்டா காலியாகும். அரை மணி நேரம் அப்படியே வெயிலில் விட்டால் போதும், கறிவேப்பிலையும் இஞ்சித் திப்பியும் அடியில் ஒட்டிக் காய்ந்துவிடும். உள்ளே தலையை விட்டு, தேங்காய் நாரால் ஈயம் உரியாமல் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். புளித்த வாடை சட்டையோடு வீட்டுக்கு வரும்.

ஒரு நாள் அண்டாவைக் கவிழ்த்த பிறகு, வைத்தியத்துக்காக வந்திருந்த ஒரு வங்காளத்துப் பெண் காலி பாட்டிலோடு வந்தார். லாட்ஜில் அப்பா படுத்திருக்கிறார் என்று கையாலேயே காட்டினார். மெடிக்கல்ஸ் தம்பி தனக்கு எடுத்து வைத்திருந்த ஒரு சொம்பு மோரை அந்தப் பாட்டிலில் ஊற்றினான். அந்த நேரத்தில் 40 பேரில் யார் அங்கே நின்றீர்கள்?

ஆற்காடு ரோடு மெடிக்கல்ஸ்:
அண்ணா, அதை விடுங்கள். எனக்கு வருத்தம் ரத்த தான முகாமில்தான். வருஷா வருஷம் ஜூன் 14 அன்று எல்லோரும் ஒரே நாளில் கொடுத்து போட்டோ போடுகிறோம். ரத்தத்திலிருந்து பிரிக்கும் பிளேட்லெட் அணுக்கள் 5 நாள்தான் தாங்கும், பிரிக்காத முழு ரத்தம் 35 நாள். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு இங்கே ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் கிடையாது, ஆகஸ்டில் என்ன செய்வார்கள்? ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். மாதத்துக்குப் பத்துப் பேர் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

செயலாளர்:
முகாம் தேதியை மாற்ற முடியாது. மேலிடத்து உத்தரவு.

காட்பாடி அச்சகம்:
தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ரத்தம் அப்புறம். முதலில் அண்டா.

சத்துவாச்சாரி ஆடிட்டர்:
உறுப்பினர்களின் பணத்தை இவர் இவ்வளவு இளக்காரமாகப் பேசுவதால் சொல்கிறேன். யாருக்குமே அந்த 1500-க்கு வரிச்சலுகைகூடக் கிடையாது. நம் குழுவுக்கு, நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவு இல்லை. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு எப்படியும் 80ஜி கழிவு இல்லை. ஒன்றும் எதிர்பார்க்காமல்தான் கொடுத்திருக்கிறார்கள்.

காட்பாடி அச்சகம்:
திறப்பு விழா மேடையிலேயே ரசீது எப்போது வரும் என்று உங்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர் சார்? நானும் பக்கத்தில்தான் நின்றேன். பணத்தை நான் இளக்காரம் பண்ணவில்லை. நானும் 1500 கொடுத்தேன். தயிரும் கேனும் தானாகவே கலந்துகொள்ளாது என்றுதான் சொல்கிறேன்.

செயலாளர்:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் குழு டைரி அச்சடிக்கும் ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது. அன்றிலிருந்து அண்ணனுக்கு எதைச் செய்தாலும் குற்றம்தான்.

காட்பாடி அச்சகம்:
டைரிப் பேச்சை நான் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்துவிட்டீர்கள், அதனால் கேளுங்கள். பந்தல் பேனரை நான்தான் அடித்தேன். பில் போடவில்லை. அதில் 40 பேர் முகமும் இருக்கிறது, உங்கள் முகம் நடுவில் பெரிதாக இருக்கிறது. 25 நாளும் அந்த 40 முகத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் அண்டா கழுவினோம். இதில் ஆர்டர் எங்கே வந்தது?

தொரப்பாடி பிசியோ:
மேடையைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ராணிப்பேட்டை லெதர்:
அண்டாவுக்கு மறுபடி ஈயம் பூச எவ்வளவு ஆகும்? சொல்லுங்கள், இப்போதே அனுப்பிவிடுகிறேன். இந்தப் பேச்சு முடியட்டும்.

காட்பாடி அச்சகம்:
காசு வேண்டாம். அண்டா என் கடை வாசலில்தான் இருக்கிறது, ஈயம் பூசுகிற பெரியவர் நம் வேலூர் சைதாப்பேட்டையில் இருக்கிறார். ஞாயிறு காலை இரண்டு பேர் வாருங்கள், தூக்கி வண்டியில் வைக்க வேண்டும். 40 பேரில் இரண்டே இரண்டு பேர்.

சத்துவாச்சாரி ஆடிட்டர்:
ஞாயிறு எனக்கு வெளியூர்.

செயலாளர்:
செவ்வாய்க் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். அறிக்கை ஏற்கெனவே மேலே போய்விட்டது. 40 பேர் என்பது அப்படியேதான் இருக்கும்.

காட்பாடி அச்சகம்:
போனதைத் திருப்பி வாங்குங்கள். நாலு பேர் என்று எழுதுங்கள். ஞாயிறு யார் வருகிறீர்கள்?

ஆற்காடு ரோடு மெடிக்கல்ஸ்:
நான் வருகிறேன் அண்ணா.

காட்பாடி அச்சகம்:
நீ வருவாய் என்று தெரியும் தம்பி. நான் மற்ற 37 பேரைக் கேட்கிறேன்.