ஆய்வகத்திலிருந்து கியூபி பொறுப்புக்கு: எங்கே தொடங்குவது?

சோதனைக்குழாய் கேட்டது:

வணக்கம். பிரிட்டனில் மாத்திரை தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். படித்தது வேதியியல். எச்பிஎல்சி (மருந்தின் அளவையும் மாசையும் அளக்கும் கருவி), கரைதல் சோதனை, ஸ்டெபிலிட்டி மாதிரிகள் (நாளாக நாளாக மருந்து கெடுகிறதா என்று பார்க்க வைப்பவை) என்று என் உலகம் ஒரே தளத்துக்குள் அடங்கியிருக்கிறது. எங்கள் கியூபி (குவாலிஃபைட் பர்சன், சட்டப்படி தகுதி பெற்ற நபர்) விரைவில் ஓய்வு பெறுகிறார். ஒவ்வொரு பேட்சையும் (ஒரே சுற்றில் தயாரான தொகுதியையும்) விற்பனைக்கு அனுப்பலாம் என்று சான்றளிக்கும் அந்தப் பொறுப்புக்கு என்னைப் பயிற்றுவிக்கலாம் என்று அவரே நிர்வாகத்திடம் பேசியிருக்கிறார்.

மகிழ்ச்சிதான். ஆனால் பாடத்திட்டத்தைத் திறந்த நாளிலிருந்து தூக்கம் கெட்டுவிட்டது. மருந்துச் சட்டம், தர அமைப்பு, புள்ளியியல், நுண்ணுயிரியல், பேக்கேஜிங், மூல மருந்துப்பொருள், மருத்துவ ஆய்வுக்கான மருந்துகள்! இதில் பாதியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தால் போதுமா? சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஊசிமருந்துத் தயாரிப்பையே அறியாத ஒருத்தி வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன பதில் சொல்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கையொப்பம் பதில்:

வாழ்த்துகள், தங்கையே. முதலில் சட்டத்தின் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இந்தப் பொறுப்பு 1975-இல் ஐரோப்பியச் சட்டத்தில் வந்தது. இப்போதைய வடிவம் 2001/83 என்ற ஆணையில் இருக்கிறது. பிரிட்டனில் அது 2012-ஆம் ஆண்டின் மனித மருந்துகள் ஒழுங்குமுறைகளுக்குள் அமர்ந்திருக்கிறது. ஆணையின் 49-ஆவது பிரிவு பட்டத்தையும் அதில் அடங்க வேண்டிய பாடங்களையும் சொல்கிறது. கூடவே, உரிமம் பெற்ற உற்பத்தி நிறுவனத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு நடைமுறை அனுபவம். பகுப்பாய்வும் சோதனையும்தான் அங்கே கேட்கப்படும் அனுபவம் என்பதால் உங்கள் ஆய்வக வேலை வீணாகாது. உங்கள் பட்டத்தில் மருந்தியல், உடலியங்கியல், நச்சியல் போன்றவை விடுபட்டிருந்தால் அவற்றை எப்படி ஈடுகட்டினீர்கள் என்று காட்ட வேண்டும். மருந்தகவியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று தொழில்முறை அமைப்புகள் சேர்ந்து உங்களை மதிப்பிடும். உங்களுக்காக ஒரு கியூபி பரிந்துரை அறிக்கை எழுத வேண்டும். அந்த மனிதர் ஓய்வு பெறுவதற்குள் அவரிடமிருந்து எவ்வளவு கறக்க முடியுமோ கறந்துகொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அவர்தான்.

வகுப்புகள் தேவைதான். ஆனால் வகுப்புக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் தேறிவிடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஆய்வகத்திலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது: முடிவு எல்லைக்குள் இருந்தால் பேட்ச் நல்லது என்று நம்புவது. இந்த நம்பிக்கையை உடைக்காமல் வேறு எதையும் படிக்க வேண்டாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால் மட்டுமே உண்மை. கிருமியின்மைச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பேட்சிலிருந்து 20 குப்பிகளைச் சோதிக்கிறோம். நூற்றுக்கு ஒரு குப்பி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 20-இல் ஒன்றாவது கெட்டதாக அகப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம். அதாவது ஐந்தில் நான்கு முறைக்கும் மேல் சோதனை அந்த பேட்சை நல்லது என்றே சொல்லும். இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான் சொல்லிக் கேட்பதைவிட அது ஆழமாகப் பதியும்.

1972-இல் இங்கே டெவன்போர்ட் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். பாட்டில்களை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அடிப்பகுதியில் காற்று தங்கிவிட்டதால் கீழே இருந்த பாட்டில்கள் தேவையான வெப்பத்தை எட்டவில்லை. பதிவு வெப்பமானி அதைக் காட்டியது. அது பழுது என்று எண்ணி விட்டுவிட்டார்கள். அந்த பேட்ச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே போனது. இதைப் பற்றிய கிளோதியர் குழுவின் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். உண்மையைச் சொன்ன கருவியை மனிதர்கள் ஏன் நம்பவில்லை என்ற கேள்வியோடு படிக்க வேண்டும்.

ஆகவே என் முதல் அறிவுரை: ஆய்வகத்தை விட்டு வெளியே வாருங்கள். எடை போடும் அறையில் நில்லுங்கள். இரவுப் பணியில் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது லைன் கிளியரன்ஸ் (முந்தைய பொருளின் மிச்சம் எதுவும் இல்லாமல் அகற்றிச் சரிபார்ப்பது) எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பகலில் எஸ்ஓபி (எழுதிவைத்த செயல்முறை) சொல்வதும் இரவில் கை செய்வதும் ஒன்றுதானா? கிடங்கில் மாதிரி எடுப்பவரின் அருகில் நின்று, எந்தப் பீப்பாயிலிருந்து எடுக்கிறார், ஏன் அதிலிருந்து என்று கேளுங்கள். உங்கள் எச்பிஎல்சிக்கு வரும் மாதிரியின் தலையெழுத்து அங்கேதான் முடிவாகிறது.

பேக்கேஜிங்கை எல்லோரும் அட்டைப்பெட்டி வேலை என்று இளக்காரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். அருமையான மாத்திரையைத் தவறான பெட்டிக்குள் வைத்துவிட்டால் நீங்கள் ஆய்வகத்தில் செய்த அத்தனையும் பாழ். வெட்டப்பட்ட லேபிள்களுக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று ஜிஎம்பி (நல்ல உற்பத்தி நடைமுறை) விதி ஏன் சொல்கிறது? சுருளில் அடுத்த லேபிள் முந்தையதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வெட்டிய கட்டில் வேறொரு வலிமையின் லேபிள் ஒன்று கலந்துவிட்டால் கண்ணுக்குத் தப்பிவிடும். எண்ணிக்கை சரிபார்ப்பில் மூன்று லேபிள் குறைந்தால் அது மூன்று காகிதத் துண்டு அல்ல. இதை லைனில் நின்று பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். உங்கள் கியூபியின் மேசைக்கு வரும் ஒவ்வொரு டீவியேஷனையும் (வகுத்த முறையிலிருந்து விலகியதையும்) அவர் முடிவு சொல்வதற்கு முன் நீங்கள் படியுங்கள். நான் இருந்தால் சான்றளிப்பேனா, மறுப்பேனா, இன்னும் என்ன தெரிய வேண்டும் என்று எழுதிவையுங்கள். பிறகு அவர் முடிவோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் சண்டை போடுங்கள், மரியாதையோடுதான். என்னிடம் பயிற்சி பெறுபவர்களுக்கு நான் வைக்கும் கட்டாயப் பாடம் இது ஒன்றே.

சட்டத்தை வரி வரியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் கியூபியின் சான்றளிப்பைப் பற்றிய ஜிஎம்பியின் 16-ஆவது இணைப்பு விரல்நுனியில் இருக்க வேண்டும். திருத்திய வடிவம் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எதிர்பாராத டீவியேஷன் இருந்தும் சான்றளிக்க அது இடம் தருகிறது. ஆனால் பதிவு செய்யப்பட்ட விவரக்குறிப்பு (மருந்துக்கு ஒப்புதல் பெற்ற தர எல்லைகள்) எட்டப்பட்டிருக்க வேண்டும். கீழ் எல்லை 95.0 என்றிருக்க, உறுதியான முடிவு 94.8 என்று வந்தால், எத்தனை பக்கம் இடர் மதிப்பீடு எழுதினாலும் அந்த பேட்ச் போகக் கூடாது. பலர் வழுக்கி விழும் இடம் இது.

வெண்_காலுறை பதில்:

அக்கா சொன்னதற்கு மேல் அதிகம் இல்லை. அண்மையில் வைவா முடித்தவன் என்பதால் ஊசிமருந்து பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நானும் மாத்திரைத் தொழிற்சாலையில் இருந்து வந்தவன்தான். ஊசிமருந்து தயாரிக்கும் எங்கள் இன்னொரு கிளையில் சில வாரம் இருக்க அனுமதி கேட்டு வாங்கினேன். உங்கள் நிறுவனத்துக்கு அப்படி ஒரு கிளை இல்லையென்றால், ஒப்பந்த உற்பத்தியாளரை ஆடிட் செய்யப் போகும் குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கிருமியற்ற மருந்துகளைப் பற்றி 2022-இல் புதிதாக வெளிவந்த ஜிஎம்பியின் முதல் இணைப்பை முன்பே படித்துவிட்டுப் போக வேண்டும். அதன் பெரும்பகுதி 2023 ஆகஸ்ட் 25 முதல் நடப்பில் இருக்கிறது. மீடியா ஃபில் நடக்கும் நாளில் அங்கே இருக்க முடிந்தால் விட்டுவிடாதீர்கள். மருந்துக்குப் பதில் கிருமி வளரும் ஊடகத்தை நிரப்பி, நிஜ உற்பத்தியில் நடக்கும் குறுக்கீடுகளை எல்லாம் வேண்டுமென்றே செய்து காட்டுவார்கள். ஒருவர் கையை வேகமாக அசைத்தால் காற்றோட்டம் என்ன ஆகிறது என்பதை எந்த வகுப்பிலும் அப்படிக் கற்க முடியாது.

வைவாவில் நிலைமையை விவரித்து, என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். உடனே விதி எண்ணைச் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். சரக்கு இப்போது எங்கே இருக்கிறது, நம் கிடங்கிலா, நோயாளி கையிலா? இந்தக் கேள்வியை நீங்கள் திருப்பிக் கேட்டால் அவர்கள் முகம் மலரும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மூலக்கூறு பதில்:

வகுப்புகளைப் பற்றி மேலே சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. சட்டத்தையும் புள்ளியியலையும் தொழிற்சாலையில் நின்று கற்க முடியாது. அவற்றுக்கு வகுப்பே நல்லது. தவிர, அங்கே சந்திக்கும் பிற பயிற்சியாளர்கள்தான் பின்னாளில் இரவு பத்து மணிக்கு நீங்கள் ஆலோசனை கேட்கும் ஆட்கள்.

வேதியியல் படித்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு: மூல மருந்துப்பொருள். 2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மருந்து திரும்பப் பெறப்பட்டதை உங்கள் மொழியில் விளக்கிப் பழகுங்கள். தயாரிப்பு முறையை மாற்றினார்கள். டிஎம்எஃப் கரைப்பானிலிருந்து டைமெத்திலமீன் வந்தது. மீந்த அசைடை அழிக்கச் சேர்த்த நைட்ரைட்டோடு அது சேர்ந்து, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு உருவானது. வழக்கமான சோதனைகள் அதைத் தேடவே இல்லை. மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தவர் என்ன கேட்டிருக்க வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல ஒரு வேதியியலாளரால்தான் எளிதில் முடியும்.

இன்னொன்றும் யோசியுங்கள். இது பதவி உயர்வு மட்டும் அல்ல. பொறுப்பு உங்கள் தனிப்பட்ட பெயரில் இருக்கும். கடமை தவறியதாக நடவடிக்கை தொடங்கினால் கியூபியை இடைநிறுத்த ஆணையின் 52-ஆவது பிரிவு வழி செய்கிறது. தகுதி பெற்றாலும் உரிமத்தில் உங்கள் பெயர் சேர்ந்த பிறகே சான்றளிக்க முடியும். பிரெக்சிட்டுக்குப் பின், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பேட்சுக்கு அங்கே இயங்கும் கியூபிதான் சான்றளிக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு வழங்குநர் தணிக்கையிலேயே நின்றுகொண்டேன். வருத்தம் ஏதும் இல்லை.

சோதனைக்குழாய் எழுதியது:

மூவருக்கும் நன்றி. 20 குப்பிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், ஆடிப்போனேன். நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. ஒரு பயம் மட்டும் மீதி. வாசலில் லாரி நிற்கிறது, மருத்துவமனைகளில் கையிருப்பு தீர்கிறது, விசாரணை இன்னும் முடியவில்லை, மேலாளர் என் மேசையருகே நிற்கிறார். சுபாவத்திலேயே நான் சத்தம் போடுகிறவள் அல்ல. அக்கா, அப்போது என்ன செய்வீர்கள்?

கையொப்பம் பதில்:

சத்தம் போட வேண்டியதே இல்லை. எந்தத் தகவல் கிடைத்தால் முடிவு சொல்வேன், அதை யார் எப்போது தர வேண்டும் என்று எழுதி அனுப்புவேன். அதுவரை பேட்ச் தடுப்பிலேயே இருக்கும். தட்டுப்பாடு உண்மையானால் அதையும் மறைக்கக் கூடாது. மருந்து கிடைக்காததாலும் நோயாளிக்குக் கேடு வரும். ஆனால் அதற்கான வழி ஒழுங்குமுறை ஆணையத்தோடு பேசுவது. என்னை அவசரப்படுத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

பொறுப்பை ஏற்கும் முன் உங்கள் பணி விவரத்தைப் படியுங்கள். உற்பத்தித் தலைவருக்குக் கீழே உங்களை வைத்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் எவரும் மாற்ற மாட்டார்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும்போது யார் சான்றளிப்பார் என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நாளை உங்கள் கியூபியிடம் போய், அவர் கடைசியாகச் சான்றளிக்க மறுத்த பேட்ச் எது என்று கேளுங்கள். அந்தக் கோப்பை முழுவதும் படிக்கத் தரச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்துக்கு அது போதும்.