குண்டு விழுந்த தேவாலயங்கள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கயல்:
ஜெர்மனியில் ல்யூபெக் நகரத்து மரியன் தேவாலய மணிகளைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டாம் உலகப்போரில், 1942 மார்ச்சில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ராத்திரி குண்டு போட்டார்களே, அதில் கோபுரம் எரிந்து விழுந்த மணிகள். விழுந்த இடத்திலேயே இன்றும் கிடக்கின்றன. வெண்கலம் துண்டு துண்டாகப் பிளந்திருக்கிறது, கீழே தரைக்கல்லும் நொறுங்கியிருக்கிறது. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா இதை யாரும் எடுத்து வைக்கல?" என்றாள். அவளுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

கோவை ராஜன்:
எடுக்காமல் விட்டதுதான் சரி. இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயம் போய்ப் பாருங்கள். 1940 நவம்பர் 14 இரவு கூரை மொத்தமும் போனது, சுற்றுச்சுவரும் கோபுரமும் தப்பின. அதை அப்படியே விட்டு, ஒட்டினாற்போல் புதுப் பேராலயம் கட்டி 1962இல் திறந்தார்கள். நான் போனபோது நல்ல மழை. கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் தேவாலயம் மாதிரி புதுசாக்கியிருந்தால் அங்கே நின்றிருக்கவே மாட்டேன்.

சிவில் மணி:
ராஜன் சார், ட்ரெஸ்டனை அப்படித் தள்ளாதீர்கள். அங்கே ஃப்ராவென்கிர்ஷே தேவாலயம் குண்டு விழுந்த உடனே சாயவில்லை. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி எரிந்த சூட்டில் மணற்கல் தூண்கள் வலுவிழந்து, 15ஆம் தேதி காலையில்தான் குவிமாடம் இறங்கியது. பல பத்தாண்டுகள் வெறும் கற்குவியல். 2005இல் கட்டி முடித்தபோது பழைய கல்லையும் சேர்த்தே கட்டினார்கள். கறுப்பாக இருப்பது பழசு. உச்சிச் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் அப்பா, அந்தக் குண்டுவீச்சில் விமானம் ஓட்டியவர். அந்தக் கறுப்புக் கல்லில் கை வைத்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஒன்று சொல்கிறேன். தீப்பட்ட பழஞ்சுவரில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். வெளியே உறுதியாகத் தெரியும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும். இரும்பு கலந்த மணற்கல் சூட்டில் சிவக்கும். சிவந்த இடம் செதில் செதிலாக உரியும். ஊரில் கோயில் திருப்பணி செய்பவர்களுக்கும் சொல்கிறேன், கரி போக வேண்டும் என்று மணல் வீச்சுக்கு மட்டும் போகாதீர்கள். கல்லின் மேல்தோலே போய்விடும். முதலில் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும்.

நவாலியான்:
எல்லாரும் கல்லைப் பற்றியே கதைக்கிறியள். யாழ்ப்பாணம் நவாலியில எங்கட சென் பீற்றர்ஸ் தேவாலயம், 1995 யூலை 9, பின்னேரம். ‘முன்னேறிப் பாய்தல்’ எண்ட இலங்கை ஆமியின்ர நடவடிக்கை தொடங்கி இடம்பெயர்ந்து வந்த சனம் கோயிலுக்குள்ளையும் வளவுக்கையும் இருந்தது. நூறு பேருக்கு மேல செத்தவை. எங்கட மாமி வந்த சனத்துக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு நிண்டவ. பிளேன் சத்தம் கேட்டு நிமிந்து பாத்தவ, அதோட சரி. ராஜன் அண்ணை, நாங்கள் அதை இடிபாடாய் விட்டுப் பாக்கேலாது. ஞாயிறு பூசைக்கு எங்க போறது? திருத்தினம். ஒவ்வொரு யூலையும் அங்கதான் நினைவுகூருறம்.

கோவை ராஜன்:
நவாலி நண்பரே, மாமியை நினைத்தால் மனசு ஆறவில்லை. கும்பிடும் சனத்துக்குக் கோயில் வேண்டும், மறுக்கவே இல்லை. கவென்ட்ரியில் பக்கத்திலேயே புதுசு எழுப்பியதும் அதற்குத்தான். ட்ரெஸ்டன் விஷயத்தில் மட்டும் மணி சொல்வதை ஏற்க முடியவில்லை.