கோலாலம்பூர், பினாங்கு வீட்டு முகப்பில் புளுபெர்ரி: வைத்துப் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

வெட்சிவேலி, கெப்போங்

வணக்கம். முன்வாசலை அழகுபடுத்த புளுபெர்ரி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் எந்த ரகம் என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். புளுக்ரோப், டியூக் என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அவை வடபுல உயரப்புதர் ரகங்கள். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைத்தால்தான் ஒழுங்காக மொட்டு அவிழும். நம் ஊரில் இரவிலேயே 23, 24 பாகை. அந்தச் செடி இலை விடும், பிறகு சோர்ந்து நிற்கும், ஒன்றிரண்டு ஆண்டில் போய்விடும்.

நமக்கு ஓரளவு ஒத்துவருவது தென்புல உயரப்புதர் வகை. ஃபுளோரிடாவில் இலை உதிராமல் வளரும் ஒரு காட்டுப் புளுபெர்ரியோடு கலந்து உருவாக்கிய வகை என்பதால் குளிர் குறைவாக இருந்தாலும் தாங்கும். இதில் பிலோக்சி (1998இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டது), சன்ஷைன் புளூ, மிஸ்டி ஆகிய மூன்றும் தேடத் தக்கவை. சன்ஷைன் புளூ குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். முகப்பு அழகுக்கு அதுதான் முதல் தேர்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே இதைப் பழத்துக்காக வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நீலம் கலந்த பச்சை இலையும் இளஞ்சிவப்புத் துளிரும் உள்ள பசுமைமாறாப் புதர் என்று எண்ணி வையுங்கள். குளிர்நாட்டில் இலையுதிர் காலத்தில் வரும் அந்த நெருப்புச் சிவப்பும் இங்கே வராது. அடி இலைகள் சிவந்தால் அது அழகு இல்லை, வேரில் ஏதோ கோளாறு.

மண்புழு, பட்டர்வொர்த்

அக்கா சொன்ன ரகக் கணக்கு சரி. ஆனால் சரியான ரகத்தை வாங்கியும் சாகக் காரணம் பெரும்பாலும் சுவர்தான்.

புளுபெர்ரிக்கு மண்ணின் பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். மலேசியச் செம்மண் இயல்பிலேயே அமிலம், 4க்கும் 5க்கும் நடுவில் நிற்கும். அதனால் "நம் மண்ணே போதும்" என்று நினைக்கத் தோன்றும். தெரேஸ் வீட்டு (ஒட்டினாற்போல் வரிசையாகக் கட்டிய வீட்டு) முன்வாசலில் இருப்பது அந்த மண் இல்லை. வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவை, உடைந்த செங்கல், மேலே ஓர் அடி நிரப்பு மண். மழை பெய்யப் பெய்ய வேலிச்சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கும். சுவரை ஒட்டி பிஎச் 7ஐத் தாண்டுவது சாதாரணம்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சுவரோரமாக நிற்கும் வெட்சியை, அதாவது இட்லிப்பூச் செடியைப் பாருங்கள். அதுவும் அமில மண் விரும்பிதான். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, நரம்புகளுக்கு நடுவே வெளிர் மஞ்சளாக, மீன்முள் போலத் தெரிந்தால் அங்கே இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. வெட்சியே திணறும் இடத்தில் புளுபெர்ரி பிழைக்காது. மஞ்சள் அடி இலையில் தொடங்கினால் அது வேறு. தழைச்சத்துக் குறைவு, உரம் கொடுத்தால் சரியாகும்.

தரையில்தான் வைப்பேன் என்பவர்கள் கந்தகத் தூள் போடலாம். பிஎச் 6லிருந்து 4.5க்கு இறக்க மணல் மண்ணில் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம், மணலும் களியும் கலந்த நடுத்தர மண்ணில் 170 கிராம் அளவில் தேவைப்படும். மண்ணில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்றவே இரண்டு மூன்று மாதம் ஆகும். போட்டுக் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகுதான் நட வேண்டும். சுவர் பக்கத்திலேயே இருக்கும்வரை இந்த வேலை முடியாது, திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அதனால் என் முடிவு சட்டி. சிமெண்டுத் தொட்டி வேண்டவே வேண்டாம். அதுவும் சுவர்தான்.

சட்டித்தோட்டம், பிரிக்பீல்ட்ஸ்

சட்டி என்றால் அளவு முக்கியம். வாய் 40 முதல் 45 செண்டிமீட்டர், கொள்ளளவு 35 லிட்டருக்குக் குறையாமல். புளுபெர்ரியின் வேர் ஆழம் போகாது, பெரும்பாலும் மேல் 30 செண்டிமீட்டரிலேயே படரும். ஆகவே உயரத்தைவிட அகலம் நல்லது.

செடியைச் சட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மற்றச் செடிகளுக்கு இருப்பதுபோல் வேர்த்தூவி இதற்கு இல்லை. தலைமுடிபோல மெல்லிய பழுப்பு இழைகள், ஒன்றோடொன்று பின்னி பஞ்சுத் திண்டு மாதிரி. களிமண்ணை அவை துளைக்காது. இரண்டு நாள் நீர் தேங்கினால் அந்த இழைகள் கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உருவி வரும். அதுதான் பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற கிருமியால் வரும் வேரழுகல். அந்த நிலைக்கு வந்ததை மீட்பது கடினம்.

கலவைக்குக் கணக்கு: பைன் மரப்பட்டைத் துண்டு (விரல் நக அளவு) 2 பங்கு, பீட் மோஸ் (மட்கிய சதுப்புநிலப் பாசி) 2 பங்கு, பெர்லைட் (பொரிபோன்ற வெள்ளைக் கல் துணுக்கு) 1 பங்கு. பீட் மோஸ் விலை அதிகம் என்றால் பாதிக்குத் தேங்காய் நார்த்தூள் போடலாம். ஆனால் உப்புப் போக மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு. காய்ந்த பீட் மோஸ் நீரை ஏற்காது, மேலே ஊற்றினால் ஓரமாக வழிந்து ஓடிவிடும். கலப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கையால் பிசையவேண்டும்.

நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணை இதில் சேர்க்காதீர்கள். பெரும்பாலும் கருகிய உமியும் கோழி எருவும் கலந்திருக்கும். இரண்டுமே பிஎச்சை மேலே தூக்கும். மிளகாய்க்கும் கத்திரிக்கும் அருமையான மண், இதற்கு நஞ்சு. சாம்பல், முட்டை ஓடு, டோலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) மூன்றும் அதே காரணத்தால் ஆகாது.

கறுப்புச் சட்டி வெயிலில் நின்றால் ஓரத்து மண் 40 பாகையைத் தாண்டும். இதன் வேர் நன்றாக வளர்வது 14 முதல் 18 பாகையில். அந்தக் குளிர்ச்சி நமக்குக் கிடைக்காது, கூடிய மட்டும் சூட்டைக் குறைக்கலாம். வெள்ளைச் சட்டி வாங்குங்கள், அல்லது செடி இருக்கும் சட்டியை இன்னொரு பெரிய சட்டிக்குள் இறக்கி நடுவே காற்று விடுங்கள். மேலே 5 செண்டிமீட்டர் பட்டை மூடாக்கு.

பாலேக் பூலாவ் தோட்டக்காரர்

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நல்ல கலவை போட்டும் ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகிறது என்றால் குழாய்நீரைச் சந்தேகியுங்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்துதான் அனுப்புகிறார்கள். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. தினமும் ஊற்ற ஊற்றக் கலவையின் அமிலம் கரைந்துபோகும்.

மழைநீர்தான் இதற்கு மருந்து. கூரைக் குழாயிலிருந்து ஒரு தோம்பு (பீப்பாய்) நீர் பிடித்தால் இரண்டு மூன்று சட்டிக்குப் போதும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில்தான் கைகொடுக்காது. அப்போது குழாய்நீரில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கலந்து, பிஎச் பேனாவால் அளந்து, 5.5 வந்ததும் நிறுத்துங்கள். நம் நீர் மென்னீர், ஆகவே மிகக் கொஞ்சமே போதும். கண்ணளவில் போட்டால் 3க்கு இறங்கிவிடும்.

தோம்பின் வாயில் கொசுவலை கட்டாயம். சட்டிக்கு அடியில் தட்டும் வைக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்த விரல்கடைத் தண்ணீர் போதும், வேருக்கும் அது கேடு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதமும் உண்டு.

பிஎச்சை இரட்டைக் கம்பி குத்திப் பார்க்கும் மலிவுக் கருவியை நம்பாதீர்கள். சட்டிக்கு வழக்கம்போல் நீர் விட்டு, அரைமணி கழித்து, அடியில் 50 மில்லி வடியும் அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மேலே மெல்ல ஊற்றுங்கள். அடியில் முதலில் வடியும் 50 மில்லியைக் கிண்ணத்தில் பிடித்து அளந்தால் வேர் இருக்கும் இடத்தின் உண்மை நிலவரம் தெரியும்.

சட்டித்தோட்டம், பிரிக்பீல்ட்ஸ்

அண்ணா சொன்னதோடு உரத்தையும் சேர்த்துவிடுகிறேன். தழைச்சத்து அம்மோனியமாகக் கிடைப்பதைத்தான் இந்தச் செடி விரும்பும், நைட்ரேட்டை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. அம்மோனியம் சல்பேட் மாதம் ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம், சட்டி ஓரமாகத் தூவி நீர் விட வேண்டும். அதுவே பிஎச்சையும் சற்று இறக்கும். கால்சியம் நைட்ரேட் ஆகாது. உப்பு தாங்காத செடி என்பதால் ஒரே தடவையில் அதிகம் போட்டால் இலை நுனி தீய்ந்ததுபோல் பழுப்பாகும். அப்படி ஆனால் உரத்தை நிறுத்தி, மழைநீரால் இரண்டு முறை நன்றாக அலசிவிடுங்கள்.

புதுவாசல், ஷா ஆலம்

எந்தத் திசையில் வைப்பது? எங்கள் முகப்பு மேற்குப் பார்த்தது.

வெட்சிவேலி, கெப்போங்

மேற்கு வெயில்தான் தம்பி இதற்குப் பகை. காலை வெயில் நாலைந்து மணி நேரம் வேண்டும். பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகு நிழல் வேண்டும். கிழக்கு முகப்பு உத்தமம். உங்களுக்குக் கார் நிறுத்தும் கூரையின் ஓரத்தில் 30 விழுக்காட்டு நிழல்வலை கட்டி, அதன் கீழ் வைக்கலாம். தார்ச்சாலைச் சூடும் இண்டர்லாக் கல்லின் சூடும் கீழிருந்து ஏறும், ஆகவே சட்டியைக் கல்மேல் நேராக வைக்காமல் மரப்பலகைமேல் ஏற்றுங்கள்.

அமைப்பு என்று பார்த்தால் ஒற்றைச் செடி எடுபடாது. மூன்று சட்டி, ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில், முக்கோணமாக. பின்னால் உயரமாக வளரும் பிலோக்சி ஒன்று, முன்னால் சன்ஷைன் புளூ இரண்டு. அதே சட்டியில் அடியில் வேறு எதையும் நடாதீர்கள். மேலோட்டமான வேர், கரண்டியால் கிளறினாலே அறுந்துவிடும். களையைக் கையால் பிடுங்குங்கள்.

மண்புழு, பட்டர்வொர்த்

பூவைப் பற்றி. பகல் நீளம் குறைந்து இரவு குளிர்ந்தால்தான் இதற்குப் பூமொட்டு பெருகும். நமக்கோ வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல், குறையாத சூடு. அதனால் பூ கொத்துக் கொத்தாக வராது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும்.

வந்த பூவும் காயாவது எளிதல்ல. தலைகீழ்க் குடம் போன்ற வெள்ளைப் பூ. வாய் குறுகல். உள்ளே மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்திருக்கும், நுனித் துளை வழியாகத்தான் கொட்டும். பறக்கும் தசையை அதிரவைத்துப் பூவை உலுக்கி மகரந்தத்தை உதிர்க்கும் தேனீ வேண்டும். கெலூலுட் (கொடுக்கில்லாத் தேனீ) கூடு வைத்திருந்தாலும் அதனால் அப்படி அதிரவைக்க முடியாது. நீலப்பட்டைத் தேனீயும் தச்சன் வண்டும் செய்யும், ஆனால் தச்சன் வண்டு பல நேரம் பூவின் பக்கத்தில் ஓட்டை போட்டுத் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். கையால் செய்ய, காலை ஒன்பது பத்து மணிக்கு மின் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் இரண்டு வினாடி வையுங்கள். கீழே கறுப்புத் தாள் பிடித்தால் மாவுபோல் விழுவது தெரியும். அதைத் தூரிகையால் தொட்டு மற்ற ரகத்துப் பூவில் தடவுங்கள். இரண்டு ரகம் கலந்தால் காய் பெரிதாக இருக்கும். நட்ட முதல் வருடம் வரும் பூவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள், செடி வலுப்பெறும்.

நீலமானதும் பறிக்காதீர்கள். காம்புப் பக்கத்துச் சிவப்பு முழுதும் மறைய இன்னும் நாலைந்து நாள் ஆகும். பறித்த பிறகு இனிப்பு ஏறாது. அதற்குள் மைனாவும் கொண்டைக்குருவியும் வந்துவிடும், கொத்துக்கு ஒரு வலைப்பை போடுங்கள்.

பாலேக் பூலாவ் தோட்டக்காரர்

வேலி மாதிரி வரிசையாக, தரையில், கருநீலப் பழத்தோடு வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை கெமுந்திங் என்ற புதர். நீலகிரியில் தவிட்டுப்பழம் என்பார்களே, அதே இனம். நம் மண்ணின் செடி, மணலிலும் அமில மண்ணிலும் முழு வெயிலில் நிற்கும், குளிர் கேட்காது. ரோஜா நிறப் பூ மெல்ல வெளுக்கும், பழம் கருநீலமாகி இனிக்கும், உள்ளே சிறு விதைகள் நிறைய.

வாங்கும்போது பார்வைக்கு இதேபோல் இருக்கும் செண்டுடுக் என்ற வேறு புதரைத் தந்துவிடுவார்கள், கவனம். இரண்டிலும் இலையில் நீளவாக்கில் நரம்பு ஓடும். இலையைத் திருப்பிப் பாருங்கள். கெமுந்திங்கின் அடிப்பக்கம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் மிருதுவாக இருக்கும், செண்டுடுக்கின் இலை சொரசொரப்பு. காட்டிலிருந்து பிடுங்கி வருவது பெரும்பாலும் பிழைப்பதில்லை, பையில் வளர்ந்த கன்றாக வாங்குங்கள். இடைவெளி 75 செண்டிமீட்டர். முதல் வருடம் மெதுவாகத்தான் வளரும். காய்ப்பு முடிந்ததும் நுனியை ஒரு சாண் வெட்டிவிட்டால் அடியிலிருந்து கிளைத்து அடர்த்தியாகும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நடுங்கள்.