புதுப்பிப்பு: துருக்கி நிலநடுக்க வரைபடம், சாலை விலகல் தீர்ந்தது

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்துக்குப் பின், மீட்புக் குழுக்களுக்காக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடம் வரையும்போது, ஏற்கெனவே இருந்த சாலைகள் அந்தப் படத்திலிருந்து சில மீட்டர் விலகி நிற்கின்றனவே, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

"சாலையைத் தொடாதே, படத்தை நகர்த்து" என்றதுதான் பலித்தது. அந்தச் சாலைகளில் போனவர்கள் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடங்களை இறக்கிப் பின்னணிப் படத்தை அவற்றோடு பொருத்தினேன். இடத்துக்கு இடம் விலகல் மாறும். வரைய வேண்டிய பகுதியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள்; அடுத்த கட்டத்துக்குப் போனால் மறுபடி பார்க்கணும்.

எதிர்பாராதது அடுக்குமாடிகள். படத்தில் சாய்ந்து தெரியும். கூரையை வரைந்து, வரையும் செயலியில் கியூ (Q) விசையால் மூலைகளை நேராக்கி, முழு வடிவத்தையும் அடித்தளத்துக்கு இழுக்க வேண்டும். இல்லையென்றால் கட்டடம் நடுத்தெருவில் போய் உட்காரும்!

ஒரு கட்டத்தை முடித்து நிமிர்வதற்குள் பக்கத்துக் கட்டங்கள் வரைந்து முடிந்ததைக் காட்டும் நிறத்துக்கு மாறியிருந்தன. எந்த ஊரிலோ யாரோ தூங்காமல் வரைந்துகொண்டிருந்தார்கள்.