நேர்பொருள், ஏற்றப்பொருள்: ‘லிட்டரல்’, ‘மெட்டஃபாரிக்கல்’ இரண்டுக்கும் ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

டெல்டா உழவர் பேச்சைத் தொகுத்து, எந்தச் சொல் தன் சொந்தப் பொருளில் நிற்கிறது (லிட்டரல்), எது வேறு பொருளுக்கு நகர்கிறது (மெட்டஃபாரிக்கல்) என்று சொல்லுக்குச் சொல் குறியிடும் வேலைக்கு ஒரு தமிழ்ச் சொல்லிணை உடனடியாகத் தேவைப்படுகிறது. இதுபற்றிய நம் பேச்சில் இதுவரை ‘வெளிப்படை, குறிப்பு’ இணைக்கே ஆதரவு மிகுதி. நன்னூல் ஆகுபெயர், அன்மொழித்தொகை முதலியவற்றைக் குறிப்பில் வைத்து, அல்லாதவற்றை வெளிப்படை என்கிறது. மரபு வலுவானதுதான். ஆனாலும் நம் வேலைக்கு இது ஒத்துவராது.

பக்கத்து வயல்காரரிடம் ஒருவர் ‘வாய்க்கால்ல தண்ணி வந்துட்டுங்க’ என்கிறார். மடையைத் திறந்துவிடுங்கள் என்பது குறிப்பு. ஆனால் அந்த வாக்கியத்தில் வாய்க்கால் வாய்க்கால்தான், தண்ணீர் தண்ணீர்தான். ஒரு சொல்லும் தன் பொருளை விட்டு நகரவில்லை. ‘நிவாரணப் பணம் கடைமடைக்கு வந்து சேரலை’ என்பது அப்படியல்ல. அங்கே கடைமடை என்ற சொல்லே வாய்க்காலின் கடைக்கோடி நிலத்தை விட்டு, கடைசியில் நிற்கும் ஆளைச் சுட்டுகிறது. முன்னது பேசுபவர் நோக்கம், பின்னது சொல்லின் பொருள். இரண்டுக்கும் ஒரே குறியைப் போட்டால் பிறகு தரவிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. குறிப்பு என்ற சொல்லை முன்னதற்கே விட்டுவிடுவோம்.

‘லிட்டரல்’ என்பதற்குச் ‘செம்பொருள்’ அழகான சொல். அங்கதத்தை, அதாவது வசையை, நேரே சொல்லும் செம்பொருள், மறைத்துச் சொல்லும் கரந்தது என்று தொல்காப்பியமே பிரிக்கிறது. ஆனால் குறள் அதே சொல்லை மெய்ப்பொருளுக்கு ஆள்கிறது. சைவ வழக்கில் அது இறைவன். ஆகவே நேர்பொருள் போதும்.

எதிர்ப்பக்கத்துக்கு ‘உருவகம்’ என்று மட்டும் வைத்தால் ‘கபடியில தஞ்சாவூர் ஜெயிச்சுட்டு’ என்பதை எங்கே போடுவது? ஊரின் பெயர் அதன் அணிக்கு ஆகிவருகிறது. அது ஆகுபெயர், நேர்பொருளும் அல்ல, உருவகமும் அல்ல. இரண்டையும் அடக்கும் பொதுச்சொல் வேண்டும். ஒன்றன் தன்மையை வேறொன்றின் மேல் ‘ஏற்றிக் கூறினார்’ என்பது உரையாசிரியர்கள் நடை. அதிலிருந்து ஏற்றப்பொருள். அதன் கீழே உருவகப்பொருள், ஆகுபெயர்ப்பொருள்.

குறியிடும் முறைக்கு, 2007இல் பிராகில்ஜாஸ் (Pragglejaz) என்ற உருவக ஆய்வாளர் குழு வெளியிட்ட வழியைப் பின்பற்றலாம். முதலில் பகுதி முழுவதையும் படிக்க வேண்டும்; அதன்பின் சொற்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இவ்விடத்துப் பொருளை எழுத வேண்டும். இன்றைய வழக்கில் அதற்கு இன்னும் அடிப்படையான பொருள், அதாவது புலன்களால் உணரக்கூடியது, உடம்போடு தொடர்புள்ளது அல்லது துல்லியமானது, உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு, இரண்டும் வேறு, ஆனால் ஒப்பிட்டால் விளங்குகிறது என்றால் உருவகம். ஆகுபெயர் ஒப்புமையால் அமைவதன்று, தொடர்பால் அமைவது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

தடுமாறுவது அடிப்படைப் பொருளைத் தேடும் மூன்றாம் படியில்தான். பயிர் ‘தொண்டைக் கதிர்’ பருவத்தில் நிற்கிறது என்கிறோம். கதிர் இன்னும் இலையுறைக்குள் இருக்கிறது. அந்த உறைதான் தொண்டை. உழவருக்கு இது அன்றாடத் தொழிற்சொல் என்பதால் பலர் நேர்பொருள் என்று குறித்துவிடுவார்கள். தவறு. பழகிப்போனதா என்பது கேள்வியே அல்ல. உடலுறுப்பான தொண்டை இன்றும் வழக்கில் இருக்கிறது, ஒப்புமை தெளிவு, ஆகவே உருவகம். மாறாக ‘பால் பிடித்தல்’: மணியை நசுக்கினால் வெள்ளைச் சாறு வருகிறது. எருக்கம்பால், கள்ளிப்பால் என்கிறபடி, செடியின் வெள்ளைச் சாறும் பால் என்ற சொல்லின் அடிப்படைப் பொருள்களில் ஒன்றே. இது நேர்பொருள் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

‘வாய்க்கால்’ என்பதை வாய், கால் என்று உடைத்து உறுப்பு தேடவே கூடாது. அது ஒரே சொல்.

இந்த மடலுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த மறுமொழி:

ஐயா, இணையை ஏற்கிறேன். ‘ஏற்றம்’ விலையேற்றத்தையும் நீரிறைக்கும் ஏற்றத்தையும் நினைவூட்டுமோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். பின்னால் வரும் ‘பொருள்’ என்ற சொல் அதைத் தடுத்துவிடும். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். கடைமடையில் நிலம் வைத்திருப்பவரே ‘நாங்க எப்பவும் கடைமடைதாங்க’ என்றால் இரண்டு பொருளும் பொருந்தும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாக்கியங்களைப் படித்த பிறகும் முடிவாகவில்லை என்றால் ‘ஐயம்’ என்று மூன்றாவது குறி இடுவோம். ஊகித்து ஒரு பக்கம் தள்ள வேண்டாம்.