பழைய ஓவியத்தை எக்ஸ்ஆர்எஃப்பில் (எக்ஸ்கதிர் பாய்ச்சி, சாயத்தில் என்ன மூலகம் இருக்கு என்று பார்க்கிற கருவி) காட்டியவர்கள், நடந்ததைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தையான்:
அம்மம்மா வீட்டு ஹோலில தொங்கின எண்ணெய்ச் சித்திரம். ஒல்லாந்தர் காலத்துச் சாமான் எண்டுதான் வீட்டில கதை. கொழும்பில ஒரு ஆய்வுகூடத்துக்குக் காவிக்கொண்டு போனன். அங்க இருந்தவர் துவக்கு மாதிரிக் கருவியை, படத்தில இருக்கிற ஆளின்ர வெள்ளைக் கொலரில பிடிச்சார். திரையில 4.5 கேஇவி (எக்ஸ்கதிரின்ர சக்தியை அளக்கிற அலகு) பக்கம் ஒரு பீக், கூர் மாதிரி, எழும்பிச்சு. "டைட்டானியம், தம்பி" எண்டார், திரையில இருந்து கண்ணை எடுக்காமலே. டைட்டானியம் வெள்ளை முதலாம் உலகப்போர்க் காலத்திலதான் கடைக்கு வந்தது. பெரிய மாமா அண்டையில இருந்து என்னோட கதைக்கிறேல்லை.

பௌதிகம்:
ஒரு பீக்கை வைத்தா தீர்ப்பு? டைட்டானியம் 4.51, பேரியத்தின் எல் கோடு 4.47 (ஒரே மூலகம் பல சக்திகளில் பீக் தரும்; எல், கே என்பவை அவற்றின் பெயர்). கையில் பிடிக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். 32 பக்கம் பேரியத்தின் கே கோடு இருந்ததா என்று பார்த்தாரா? சரி, பேரியமே என்றாலும் மாமாவுக்கு ஆறுதல் இல்லை: பேரியம் சல்பேட்டைச் சாயத்தில் கலப்பது பரவியது 19ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் 1796இலேயே கொழும்பை விட்டுப் போய்விட்டார்கள். கொலரை மட்டும் பிறகு யாரும் பூசியிருக்கலாம். முகத்தைப் பிடித்தாரா?

கொட்டாஞ்சேனைக்காரி:
பௌதிகம் அண்ணா சொல்றது சரி, எங்களுக்கும் இதே கூத்துதான். கோயில் படத்தில புனிதரின் பச்சை அங்கி. செம்பு வந்துச்சு, கூடவே 10.5இல பெரிய பீக். ஈயமா ஆர்செனிக்கா? ரெண்டும் அந்த இடத்திலதானே. 11.7இல, ஈயத்துக்கு வராத சின்ன பீக் ஒன்று தெரிஞ்ச பிறகுதான் ஆர்செனிக் என்றாங்க. செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்தா, 1814இல ஜெர்மனியில செய்யத் தொடங்கின மரகதப் பச்சை. நான் திரும்பிப் பார்க்கிறேன், துப்புரவு செய்ற அன்ரி பக்கத்துப் படத்தை ஈரத்துணியால துடைச்சிட்டு இருக்காங்க. துணியில பச்சை.

வீட்டில பழைய பச்சைப் படம் இருக்கிறவங்க கேளுங்க. ஈரத்துணி வேண்டவே வேண்டாம். உதிருதென்றால் கையுறை, முகமூடி இல்லாமத் தொடாதீங்க, பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க. மழையில நனையிற வெளிச்சுவரில மாட்டாதீங்க, சட்டத்துக்குப் பின்னால காத்து போக இடம் விடுங்க. கொழும்புப் புழுக்கத்தில பூஞ்சணம் லேசில பிடிக்கும், சில பூஞ்சணம் ஆர்செனிக்கை நச்சு வாயுவாவே வெளியில விடும். வார்னிஷ் அடிச்சு மூடலாம் என்று தளபாடக் கடைக்காரர் சொல்வார், கேட்காதீங்க.

வெள்ளவத்தையான்:
தங்கச்சி, எங்கட படத்தில பச்சையே இல்லை.

பௌதிகம், ஆய்வுகூடம் தந்த தாளை எடுத்துப் பாத்தன். 32 பக்கம் வெறுமை, அப்ப டைட்டானியம்தான். ஆனா முகத்தில ஈயம் மட்டும், கொலரில ஈயமும் டைட்டானியமும். ஆரோ பிறகு கொலருக்கு வெள்ளையடிச்சிருக்கினம். அதுக்காக ஒல்லாந்தர் கதை மெய்யெண்டும் இல்லை. ஈய வெள்ளை கிரேக்கர் காலத்தில இருந்து போன நூற்றாண்டு வரைக்கும் ஓடினது.